லாஸ்ட் டிச்: கடைசி அகழியில் நின்ற 21 வயதுக்காரன்

போன செமஸ்டர் காஸ்ட் அக்கவுன்டிங் அரியர் எழுதப் போகும்போது என் நண்பன் ஒருவன், "மச்சி, இது என் லாஸ்ட் டிச் எஃபர்ட்டுடா" என்றான். முந்தின நாள் ராத்திரி பதினொரு மணிக்குப் புத்தகத்தைத் திறந்தவன் அவன். கடைசி நிமிஷத்தில் செய்வதுதான் லாஸ்ட் டிச் என்று அவன் நினைத்திருந்தான். உண்மையைச் சொன்னால் நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

டிச் என்றால் பள்ளம், அகழி, வாய்க்கால். எஃபர்ட் என்றால் முயற்சி. முயற்சிக்கும் பள்ளத்துக்கும் என்ன சம்பந்தம்? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு தேடப் போனவன் 1672ஆம் வருட ஹாலந்தில் போய் நின்றேன். கதை என்னை விடவில்லை. பிகாம் படிக்கிறவனுக்கு அதில் இவ்வளவு விஷயம் இருக்கும் என்று எதிர்பார்க்கவே இல்லை.

முதலில் அர்த்தத்தைப் பார்த்துவிடுவோம்.

பழைய காலப் போரில் படைகள் பள்ளம் வெட்டி, அதற்குப் பின்னால் நின்று சண்டை போடும். ஒரு பள்ளம் பறிபோனால் பின்னால் இருக்கும் அடுத்த பள்ளத்துக்குப் பின்வாங்கும். அதுவும் போனால் அதற்கும் பின்னால். இப்படிப் போய்ப் போய், இனிப் பின்வாங்க இடமே இல்லை என்று நிற்கும் இடம்தான் லாஸ்ட் டிச். அதாவது கடைசி அகழி. இன்றைக்கு ஆங்கிலத்தில் லாஸ்ட் டிச் எஃபர்ட் என்றால் மற்ற எல்லா வழியும் அடைபட்ட பிறகு, ஜெயிப்போம் என்ற நம்பிக்கை பெரிதாக இல்லாமல் செய்யும் கடைசி முயற்சி. கவனியுங்கள், மற்ற வழிகளையெல்லாம் முயன்று பார்த்த பிறகு! என் நண்பன் முதல் பள்ளத்தையே வெட்டவில்லை :-)

இன்னொரு சுவாரஸ்யம். ஆங்கிலத்தில் பள்ளத்தைக் குறிக்கும் டிச் என்ற சொல்லும், கரையைக் குறிக்கும் டைக் என்ற சொல்லும் ஒரே வேரில் பிறந்தவை. பள்ளம் வெட்டினால் அந்த மண்ணே பக்கத்தில் கரையாக ஏறுகிறது அல்லவா? நம்ம ஊரில் வாய்க்கால் தூர் வாருவதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். கடல் மட்டத்துக்குக் கீழே நிலம் வைத்துக்கொண்டு, திரும்பின பக்கமெல்லாம் வாய்க்காலும் கரையுமாக வாழ்கிற நாடு ஹாலந்து. இந்தச் சொற்றொடரின் கதை அங்கே நடந்ததில் ஆச்சரியம் இல்லை.

சரி, 1672க்கு வருவோம்.

அப்போது டச்சுக் குடியரசு ஏழு மாகாணங்கள் சேர்ந்த சின்ன நாடு. ஆனால் பணத்தில் பெரிய நாடு. 1602ல் தொடங்கிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் பங்குகள் ஆம்ஸ்டர்டாமில் வாங்கி விற்கப்பட்டன. 1609ல் தொடங்கிய ஆம்ஸ்டர்டாம் வங்கியில் ஐரோப்பாவின் வியாபாரிகள் கணக்கு வைத்திருந்தார்கள். பங்குச்சந்தை பற்றி நாம் படிக்கிற பாடத்தின் முதல் அத்தியாயமே அந்த ஊரில்தான் தொடங்குகிறது.

நாட்டை நடத்தியவர் யோஹான் டி விட். 1653 முதல் 19 வருடம் கிட்டத்தட்ட பிரதமர் மாதிரி. அவர் ஒரு கணித மேதையும்கூட. அரசு அப்போது ஆயுள் பத்திரம் விற்றுக் கடன் வாங்கும். வருடத்துக்கு 1 கில்டர், வாங்கியவர் உயிரோடு இருக்கும்வரை. விலை 14 கில்டர். மனிதர்கள் எந்த வயதில் எந்த அளவுக்கு இறக்கிறார்கள் என்று நிகழ்தகவு போட்டுப் பார்த்து, 16 கில்டருக்கு விற்றாலும் நியாயம்தான் என்று 1671ல் அறிக்கை எழுதினார் டி விட். இன்றைய ஆயுள் காப்பீட்டுக் கணக்குகளுக்கு இது ஒரு முன்னோடி.

இவ்வளவு கணக்குத் தெரிந்தவர் ஒரு கணக்கில் தவறினார். கடற்படையைப் பிரமாதமாக வைத்திருந்தார், தரைப்படையைக் கவனிக்கவில்லை. அதற்கு அரசியல் காரணமும் உண்டு. தரைப்படைக்குத் தலைமை தாங்குவது ஆரஞ்சு வம்சத்தின் வழக்கம். அந்த வம்சத்தின் வாரிசு வில்லியம், அப்பா இறந்து எட்டு நாள் கழித்து 1650 நவம்பரில் பிறந்தவன். அவன் குடும்பம் மறுபடி பலம் பெறக்கூடாது என்பது டி விட் கட்சியின் கொள்கை. ஆனால் அந்தப் பையனுக்கு அரசியல் பாடம் சொல்லிக் கொடுத்தவர்களில் டி விட்டும் ஒருவர் என்பது விநோதம்.

வெளியே எதிரிகள் கணக்குத் தீர்க்கக் காத்திருந்தார்கள். 1667ல் டச்சுக் கப்பல்கள் இங்கிலாந்தின் மெட்வே ஆற்றுக்குள்ளேயே புகுந்து, நின்ற கப்பல்களைக் கொளுத்திவிட்டு, ராயல் சார்ல்ஸ் என்ற தலைமைக் கப்பலை இழுத்துக்கொண்டு போயின. அந்த அவமானம் இங்கிலாந்து அரசர் இரண்டாம் சார்லஸுக்கு ஆறவில்லை. பிரெஞ்சு அரசர் 14ஆம் லூயிக்கோ, தன் படையெடுப்பை 1668ல் டச்சுக்காரர்கள் கூட்டணி சேர்த்துத் தடுத்த கோபம். 1670ல் டோவரில் இருவரும் ரகசிய ஒப்பந்தம் போட்டார்கள். சார்லஸுக்குப் பணம், லூயிக்குத் துணை.

1672 வசந்தத்தில் எல்லாம் ஒரே சமயத்தில் வந்து விழுந்தது. தெற்கிலிருந்து லட்சத்துக்கும் மேற்பட்ட பிரெஞ்சுப் படை. கடலில் இங்கிலாந்து. கிழக்கில் மூன்ஸ்டர், கொலோன் என்ற இரண்டு ஜெர்மன் ஆட்சியாளர்களின் படைகள். ரைன் நதிக்கரைக் கோட்டைகள் சில நாட்களில் விழுந்தன. மழை குறைந்து நதியில் தண்ணீர் இறங்கியிருந்ததால் ஜூன் 12ல் பிரெஞ்சுக்காரர்கள் ரைனைக் கடந்தார்கள். அதே மாதத்தில் உட்ரெக்ட் நகரமும் கைமாறியது. டச்சுக்காரர்கள் அந்த வருடத்தை இன்றும் பேரழிவு வருடம் என்றுதான் சொல்கிறார்கள். மக்கள் அறிவிழந்தார்கள், அரசு வழி தெரியாமல் தவித்தது, நாடு மீட்க முடியாமல் கிடந்தது என்று ஒரு சொலவடையே அவர்களிடம் உண்டு.

அடுத்து என் பாடத்துக்கு நெருக்கமான காட்சி. பிரெஞ்சுப் படை உட்ரெக்டில் நிற்கிறது. கம்பெனிப் பங்குகள் சரிகின்றன. ஆம்ஸ்டர்டாம் வங்கி வாசலில் பணத்தைத் திரும்பக் கேட்டுக் கூட்டம். மிடில்பர்க், ராட்டர்டாம் வங்கிகள் பணம் கொடுப்பதை நிறுத்தின. ஆம்ஸ்டர்டாம் வங்கி மட்டும் கேட்டவர்களுக்கெல்லாம் எண்ணிக் கொடுத்தது. இதைப் பற்றி ஆடம் ஸ்மித் 1776ல் வெளிவந்த தன் புகழ்பெற்ற நூலில் ஒரு அருமையான தகவல் தருகிறார். அன்று வெளியே வந்த காசுகளில் சில கருகியிருந்தனவாம். பல வருடங்களுக்கு முன் நகர மாளிகையில் நடந்த தீ விபத்தில் கருகிய காசுகள்! அதாவது போட்ட பணம் அத்தனை வருடமும் தொடாமல் அங்கேயே இருந்திருக்கிறது. அதைவிடப் பெரிய தணிக்கைச் சான்றிதழ் இருக்க முடியுமா? பயம் அடங்கியது.

வங்கி தப்பியது. நாடு?

அதற்குத்தான் தண்ணீர். ஹாலந்து மாகாணத்தின் கிழக்கு எல்லையில், மைடன் தொடங்கி கோரிங்கெம் வரை, மதகுகளைத் திறந்தும் கரைகளை உடைத்தும் நிலத்தை மூழ்கடித்தார்கள். முழங்காலிலிருந்து இடுப்பு வரை தண்ணீர். படை நடக்க ஆழம் அதிகம், பெரிய படகு ஓட ஆழம் போதாது. அதைவிட முக்கியம், தண்ணீருக்கு அடியில் மறைந்திருந்த பள்ளங்களும் வாய்க்கால்களும். எங்கே தரை, எங்கே குழி என்று வெளியூர்க்காரனுக்குத் தெரியாது. தண்ணீருக்கு நடுவே மேடாக ஓடிய சில சாலைகளிலும் கரைகளிலும் மட்டும் பீரங்கி வைத்துக் காவல் போட்டால் போதும்.

படிக்கும்போது இது பெரிய யுத்த தந்திரம் மாதிரி தெரிகிறது. ஆனால் மூழ்கியது யாருடைய நிலம்? விவசாயிகளுடையது. பல இடங்களில் விவசாயிகள் மதகு திறப்பதைத் தடுத்தார்கள், படைவீரர்களை வைத்துத்தான் திறக்க வேண்டியிருந்தது. நாட்டைக் காப்பாற்றிய தண்ணீர் அவர்கள் வயிற்றில் அடித்தது.

இந்த நேரத்தில் ஆட்கள் மாறினார்கள். ஜூலை தொடக்கத்தில் 21 வயது வில்லியமை ஹாலந்தின் ஸ்டாட்ஹவுடராக, அதாவது ஆட்சித் தலைவராக ஆக்கினார்கள். 21 வயது! என் வயசு. நான் இன்னும் ஹால் டிக்கெட்டை எங்கே வைத்தேன் என்று தேடிக்கொண்டிருக்கிறேன்.

அதே ஜூலையில் இங்கிலாந்திலிருந்து பக்கிங்ஹாம் பிரபுவும் ஆர்லிங்டன் பிரபுவும் வில்லியமின் முகாமுக்கு வந்தார்கள். சார்லஸ் அரசர் வில்லியமுக்குத் தாய்மாமா. மாமா சொல்லி அனுப்பிய பேரம் இதுதான்: சண்டையை விடு, கேட்கிற ஊர்களைக் கொடு, மிச்சமிருக்கும் நாட்டுக்கு உன்னையே அரசனாக்குகிறோம். வில்லியம் மறுத்தான். நாடு அழிந்துவிட்டது, அது உன் கண்ணுக்குத் தெரியவில்லையா என்று பக்கிங்ஹாம் கேட்டாராம். ஆபத்து பெரியதுதான், ஆனால் நாடு அழிவதைக் காணாமல் இருக்க ஒரு நிச்சயமான வழி உண்டு, அது கடைசி அகழியில் செத்துப்போவது என்றானாம் வில்லியம்.

இதுதான் அந்தச் சொற்றொடரின் கதை. இதை எழுதி வைத்தவர் கில்பர்ட் பர்னெட் என்ற பாதிரியார். பிற்பாடு சாலிஸ்பரியின் பிஷப் ஆனவர். அவர் எழுதிய வரலாற்று நூல் அவர் இறந்த பிறகு 1724லும் 1734லும் இரண்டு பாகமாக வந்தது. ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 1672ல் பர்னெட் ஸ்காட்லாந்தில் இருந்தார். வில்லியமுக்கு அவர் நெருக்கமானது 1680களில். ஆகவே இது காதால் கேட்டு எழுதியது. வார்த்தைக்கு வார்த்தை அப்படியே பேசியிருப்பார்களா என்றால், சத்தியம் செய்ய முடியாது. பேரம் நடந்ததும் வில்லியம் மறுத்ததும் உண்மை.

இந்தக் கதையின் இருட்டான பக்கத்தையும் சொல்லாமல் விட்டால் நியாயம் இல்லை. தோல்விக்கெல்லாம் காரணம் டி விட்தான் என்று மக்கள் கோபம் திரும்பியது. ஜூனில் அவரைக் கத்தியால் குத்தினார்கள், பிழைத்தார். ஆகஸ்ட் 4ல் பதவி விலகினார். ஆகஸ்ட் 20ல் ஹேக் நகரச் சிறையிலிருந்த தன் அண்ணன் கோர்னேலிஸைப் பார்க்கப் போனவரை, அண்ணனோடு சேர்த்து வெளியே இழுத்துக் கொன்றது கூட்டம். உடல்களைச் சிதைத்தார்கள். வில்லியம் கொலையாளிகளைத் தண்டிக்கவில்லை. அதில் சம்பந்தப்பட்ட சிலருக்குப் பிற்பாடு சன்மானம்கூடக் கிடைத்தது. மனிதர்கள் எவ்வளவு காலம் வாழ்வார்கள் என்று கணக்குப் போட்டவர், 46 வயதில் அப்படிச் செத்தார். கடைசி அகழி வீரத்தைப் பாராட்டும்போதெல்லாம் இந்த மனிதரும் எனக்கு நினைவுக்கு வருகிறார்.

தண்ணீருக்கும் ஒரு பலவீனம் உண்டு, குளிர். 1672 டிசம்பர் கடைசியில் தண்ணீர் உறைந்தது. பிரெஞ்சுத் தளபதி லக்ஸம்பர்க் சுமார் பத்தாயிரம் பேரோடு பனிக்கட்டி மேல் நடந்து ஹேக் நோக்கிக் கிளம்பினார். நடுவழியில் பனி உருக ஆரம்பித்துவிட்டது! முன்னே போக முடியாமல் போடெக்ராவன், ஸ்வாமர்டாம் என்ற ஊர்களை எரித்துக் கொள்ளையடித்துவிட்டு, தட்டுத்தடுமாறித் திரும்பினார்கள். ஒரு வாரம் குளிர் நீடித்திருந்தால் கதையே வேறு. 122 வருடம் கழித்து அதுதான் நடந்தது. 1794-95 குளிர்காலத்தில் நதிகள் உறைந்து, பிரெஞ்சுப் படை நடந்தே உள்ளே வந்தது.

கடலில் டி ரைட்டர் என்ற தளபதி, ஆங்கில-பிரெஞ்சுக் கப்பல்கள் கரையிறங்க முடியாமல் 1672லும் 1673லும் தடுத்து நின்றார். 1673ல் ஸ்பெயினும் ஜெர்மானியப் பேரரசரும் டச்சுப் பக்கம் சேர்ந்தார்கள். அந்த நவம்பரில் பிரெஞ்சுக்காரர்கள் உட்ரெக்டை விட்டுப் போனார்கள். 1674 பிப்ரவரியில் இங்கிலாந்து சமாதானம் செய்தது. பிரான்ஸோடு சமாதானம் 1678ல்.

கடைசி அகழியில் செத்துப்போவேன் என்றவன் சாகவில்லை. மாமாவின் அண்ணன் தம்பிக் குடும்பத்திலேயே பெண் எடுத்து, 1689ல் இங்கிலாந்துக்கே அரசனானான்.

இந்தச் சண்டையின் ஒரு துண்டு நம்ம சென்னையிலும் நடந்தது தெரியுமா? 1672 ஜூலையில், ஹாலந்து தண்ணீருக்குள் நின்ற அதே நேரத்தில், டி லா ஹே என்ற பிரெஞ்சுத் தளபதி சாந்தோமைப் பிடித்தார். கோல்கொண்டா சுல்தானின் படை தரையில் முற்றுகையிட, டச்சுக் கப்பல்கள் கடலை மறித்தன. 1674 செப்டம்பரில் பிரெஞ்சுக்காரர்கள் சாந்தோமை விட்டார்கள். அவர்களுக்கு மிஞ்சியது தெற்கே ஒரு சின்னக் கடற்கரை ஊர். பிரான்சுவா மார்ட்டின் அதை வளர்த்தெடுத்தார். அதுதான் பாண்டிச்சேரி. அடுத்த தடவை பீச் ரோட்டில் நடக்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

சொற்றொடர் அதன் பிறகு தனி வாழ்க்கை வாழ்ந்தது. 1911ல் இங்கிலாந்தில் பிரபுக்கள் சபையின் அதிகாரத்தைக் குறைக்கும் சட்டம் வந்தபோது, கடைசிவரை எதிர்ப்போம் என்ற பிரபுக்களுக்கு டிச்சர்ஸ் என்றே பெயர் வைத்தார்கள். 131க்கு 114 என்ற ஓட்டில் சட்டம் நிறைவேறியது. அவர்களின் அகழி தாங்கவில்லை. ஒருவேளை இப்படிப்பட்ட தோல்விகள்தான் இந்தச் சொல்லுக்கு நம்பிக்கையற்ற முயற்சி என்ற நிறத்தைக் கொடுத்திருக்கும். மூலக் கதையிலோ அந்த முயற்சி ஜெயித்தது!

ஏன் ஜெயித்தது? இதைத்தான் ரொம்ப நாள் யோசித்தேன். அதற்கு ஒரு சொந்தக் காரணம் உண்டு.

எங்கள் அப்பா மளிகைக்கடை வைத்திருந்தார். நான் பள்ளியில் படிக்கும்போது அதே தெருவில் பெரிய கடை ஒன்று வந்தது. வியாபாரம் பாதியானது. அப்பா விடவில்லை. அம்மாவின் செயினை அடகு வைத்துச் சரக்கு போட்டார், வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தார், கடையை ராத்திரி பதினொரு மணி வரை திறந்து வைத்தார். எட்டு மாதம். பிறகு மூடினார். அது வீரமா, வீம்பா என்று எனக்கு ரொம்ப நாள் தெரியவில்லை.

இப்போது கொஞ்சம் புரிகிறது. வில்லியமின் பின்னால் வெறும் பிடிவாதம் மட்டும் இல்லை. யாரோ எப்போதோ வெட்டிய வாய்க்கால் இருந்தது, மதகு இருந்தது, வங்கியில் கருகிய காசு இருந்தது, கடலில் கப்பல் இருந்தது. அந்தக் கப்பல்களைக் கட்டி வளர்த்தது, கூட்டம் கொன்றுபோட்ட டி விட்டின் அரசு! கடைசி அகழியில் நிற்க முடிந்ததற்குக் காரணம் முன்பே வெட்டி வைத்த அகழிகள். அப்பாவின் பணமோ தெருவில் இருந்த வீடுகளின் கடன் நோட்டில் இருந்தது. கேட்டால் வருகிற பணம் இல்லை அது. புத்தகத்தில் அதைச் சொத்துப் பக்கம் எழுதுகிறோம். வாசலில் கூட்டம் நிற்கும்போது அது உதவாது. அம்மாவின் செயின் எங்கள் வீட்டில் மூழ்கின வயல். அதுவும் திரும்ப வரவில்லை.

ஆனால் அப்பா ஒன்று செய்தார். மூடுவதற்கு முன், சரக்கு கொடுத்த ஒவ்வொருவருக்கும் பாக்கியை எண்ணிக் கொடுத்து முடித்தார். சிலருக்கு அடுத்த ஒரு வருடம் தவணையாக. அப்படிப் பணம் வாங்கியவர்களில் ஒரு மொத்த வியாபாரிதான் தன் மண்டியில் கணக்குப் பார்க்க அப்பாவைக் கூப்பிட்டார். என் காலேஜ் ஃபீஸ் அந்தச் சம்பளத்தில்தான் போகிறது.

ஆகவே, அரியர் எழுதும் நண்பா, லாஸ்ட் டிச் என்பது முந்தின நாள் ராத்திரி பதினொரு மணி இல்லை. அதற்கு முன்னால் குறைந்தது நான்கு பள்ளமாவது வெட்டியிருக்க வேண்டும். நவம்பரில் மறுபடி எழுதுகிறாய் அல்லவா? புத்தகத்தை எடுத்துக்கொண்டு சாயந்தரம் வீட்டுக்கு வா. மார்ஜினல் காஸ்டிங்கிலிருந்து ஆரம்பிப்போம்.